கல்லூரியில் டேட்டா அனலிட்டிக்ஸ் எடுத்துப் படித்தால் ஐடி துறையில் வேலைக்குப் போக முடியுமா? அல்லது கம்ப்யூட்டர் சயின்ஸே பாதுகாப்பானதா?

முடியும். ஆனால் பட்டத்தின் பெயரைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், அதற்குள் என்ன பாடங்கள் இருக்கின்றன என்பதைப் பார்த்து முடிவெடுங்கள். ஒரே பெயரில் இரண்டு கல்லூரிகள் நடத்தும் படிப்புகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். நான் ஒரு நிறுவனத்தில் தரவுப் பகுப்பாய்வுக் குழுவில் வேலை செய்கிறேன். படிப்பை முடித்து வருகிறவர்களை நேர்காணல் செய்வதும் என் வேலையில் ஒரு பகுதி. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்து இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். பல மாணவர்கள் இதை அழகான வரைபடங்கள் போடும் வேலை என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். வரைபடம் கடைசியில் வருவது. வேலை ஒரு கேள்வியில் தொடங்குகிறது. "போன மாதம் வாடிக்கையாளர்கள் ஏன் குறைந்தார்கள்?" என்று மேலாளர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் என்றால் யார்? கணக்குத் தொடங்கியவரா, ஒரு முறையாவது வாங்கியவரா, கடந்த மூன்று மாதத்தில் வாங்கியவரா? ஒவ்வொன்றுக்கும் வேறு எண் வரும். விற்பனைப் பிரிவு ஒரு கணக்கு வைத்திருக்கும், நிதிப் பிரிவு வேறு கணக்கு வைத்திருக்கும். இதையெல்லாம் பேசித் தீர்த்து, சரியான டேபிளைத் தேடி எடுத்து, அதில் இருக்கும் குப்பையை நீக்கி, ஒரு எண்ணைக் கொண்டுவந்து, "இது எப்படி வந்தது?" என்று யார் கேட்டாலும் படிப்படியாக விளக்க முடிய வேண்டும். நேர்காணலில் நான் பார்ப்பது பெரும்பாலும் இந்தக் கடைசித் திறமையைத்தான். எண்ணைக் கொண்டுவருகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த எண்ணுக்குப் பொறுப்பேற்கக்கூடியவர்கள் குறைவு.

அதனால் பாடத்திட்டத்தைக் கையில் வாங்கியதும் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: டேட்டாபேஸ், புள்ளியியல், நிரலாக்கம். இந்த மூன்றும் ஆழமாக இருந்தால் பட்டத்தின் பெயர் எதுவானாலும் பரவாயில்லை. அதற்குப் பதிலாக ஒரு மென்பொருளின் பெயரே பாடத்தின் பெயராக இருந்தால், அதாவது பவர் பிஐக்கு ஒரு செமஸ்டர், டேப்லோவுக்கு ஒரு செமஸ்டர் என்று ஓடினால், கொஞ்சம் யோசியுங்கள். அவற்றின் அடிப்படைகளைச் சில வாரங்களில் நீங்களே கற்றுக்கொள்ளலாம். இன்று இருக்கும் கருவி நீங்கள் படித்து முடிக்கும்போது வேறு முகத்தோடு நிற்கும். கணினி அறிவியலாளர் எட்கர் காட் ஐபிஎம்மில் இருந்தபோது, தரவை ஒன்றோடொன்று இணைக்கக்கூடிய டேபிள்களாக வைக்கும் உறவுநிலைத் தரவு மாதிரியை முன்வைத்தது 1970-இல். அதைத் தொடர்ந்து அதே நிறுவனத்தில் பிறந்த எஸ்க்யூஎல் (SQL), அதாவது டேட்டாபேஸிடம் தரவைக் கேட்டு வாங்கும் மொழி, இன்றும் எங்களுக்குத் தினமும் சோறு போடுகிறது. கல்லூரி நேரத்தை இப்படி நின்று நிலைக்கும் விஷயங்களுக்குச் செலவிடுங்கள்.

எஸ்க்யூஎல் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நேர்காணலில் அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். செலெக்ட் (தேர்ந்தெடு), வேர் (where, நிபந்தனை வை), க்ரூப் பை (குழுவாக்கு) போன்ற அடிப்படைக் கட்டளைகள் எல்லாருக்கும் தெரிந்திருக்கின்றன. ஆனால் இந்தச் சின்ன விஷயத்தைக் கேட்டால் பலர் நின்றுவிடுகிறார்கள்: ஆர்டர்களுக்கு ஒரு டேபிள், பணம் செலுத்தியதற்கு ஒரு டேபிள். ஆயிரம் மதிப்புள்ள ஓர் ஆர்டருக்கு வாடிக்கையாளர் இரண்டு தவணையாகப் பணம் கட்டியிருக்கிறார். இரண்டு டேபிளையும் ஜாயின் செய்து, அதாவது ஆர்டர் எண்ணை வைத்து இணைத்து, ஆர்டர் மதிப்பைக் கூட்டினால் என்ன வரும்? இரண்டாயிரம் வரும். அந்த ஆர்டர் இரண்டு வரிசைகளாக விரிந்துவிடுகிறது. கணினி எந்தப் பிழையும் காட்டாது, எண் பார்க்க நன்றாகவே இருக்கும், விற்பனை கூடியதாக எல்லாரும் மகிழ்ச்சியும் அடைவார்கள். ஜாயினுக்கு முன் எத்தனை வரிசை, பின் எத்தனை வரிசை என்று எண்ணிப் பார்க்கிற பழக்கம் உள்ளவருக்கு மட்டும்தான் இது தெரியும்.

நல் (null), அதாவது எதுவும் நிரப்பப்படாத வெற்று மதிப்பும் அப்படித்தான். நாட் இன் (இந்தப் பட்டியலில் இல்லாதவை) என்று ஒரு பட்டியலைக் கழிக்கும்போது அந்தப் பட்டியலில் ஒரே ஒரு நல் இருந்தாலும் ஒரு வரிசைகூடத் திரும்பி வராது. இடப்பக்க டேபிளின் எல்லா வரிசைகளையும் வைத்துக்கொள்ளும் லெஃப்ட் ஜாயின் போட்டுவிட்டு, வலப்பக்க டேபிளின் நெடுவரிசையில் ஒரு குறிப்பிட்ட மதிப்பைக் கேட்டு வேர் நிபந்தனை வைத்தால், பொருந்தாத வரிசைகள் எல்லாம் ஓசையில்லாமல் விழுந்துவிடும். இரண்டு பக்கமும் பொருந்துகிறவற்றை மட்டும் வைக்கும் இன்னர் ஜாயின் போட்டதற்குச் சமம். பாடப்புத்தகத்தில் இவை ஒரு வரியாக இருக்கும், வேலையில் ஒரு மாத அறிக்கையையே கவிழ்க்கும். இவற்றை உங்கள் கையால் எழுதி, உடைத்து, மறுபடி எழுதிப் பழகினால்தான் ஒட்டும்.

அடுத்தது புள்ளியியல். இதைத் தேர்வுக்கு மட்டும் படித்துவிட்டு மறந்துவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இந்தத் துறையின் உயிரே அதுதான். புள்ளியியலாளர் ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம்ப் 1973-இல் நான்கு சிறிய தரவுத் தொகுப்புகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் பதினொரு புள்ளிகள். சராசரி, பரவல், ஒட்டுறவு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பது) எல்லாம் நான்கிலும் கிட்டத்தட்ட ஒன்றே. வரைந்து பார்த்தால் ஒன்று சாதாரணமாகச் சிதறியிருக்கும், ஒன்று வளைந்திருக்கும், ஒன்று நேர்கோட்டில் போய் ஒரே ஒரு புள்ளி மட்டும் விலகி நிற்கும், இன்னொன்றில் ஒரு புள்ளியைத் தவிர மற்றவை செங்குத்தாக அடுக்கியிருக்கும். சுருக்க எண்ணை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

இன்னொன்று, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973-இல் நடந்த பட்டமேற்படிப்புச் சேர்க்கை. விண்ணப்பித்த ஆண்களில் சுமார் 44 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது, பெண்களில் சுமார் 35 சதவீதம் பேருக்கு. பார்த்தவுடன் பாகுபாடு என்றுதான் தோன்றும். துறை வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது படமே மாறியது; பெரும்பாலான துறைகளில் பெண்களுக்கு எதிரான சாய்வு இல்லை, மொத்தத்தில் அவர்களுக்குச் சற்றே சாதகமாகக்கூட இருந்தது. இடம் கிடைப்பது கடினமான துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள், அதுதான் மொத்தக் கணக்கைக் கீழே இழுத்தது. சரி, அப்படியானால் பிரச்சினையே இல்லையா? அப்படியும் சொல்லிவிட முடியாது. பெண்கள் ஏன் அந்தத் துறைகளில் குவிந்தார்கள் என்ற வேறொரு கேள்வி எழுகிறது. ஒரு எண்ணிலிருந்து சரியான அடுத்த கேள்விக்குப் போவதுதான் பகுப்பாய்வு. நிறுவனங்களில் இதே நிலைமை அடிக்கடி வரும்: மொத்தத்தில் விகிதம் குறைந்திருக்கும், ஒவ்வொரு பிரிவிலும் தனித்தனியாகக் கூடியிருக்கும். இதற்குச் சிம்ப்சன் முரண் என்று பெயர். பெயர் தெரிந்தால் மட்டும் போதாது, அது கண்முன் நடக்கும்போது அடையாளம் காண வேண்டும்.

எக்செல்லைத் தாழ்வாக நினைக்காதீர்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகு உங்களிடம் வரும் தரவில் பெரும்பகுதி அதில்தான் வரும். அதே சமயம் அதன் எல்லைகளும் தெரிந்திருக்க வேண்டும். இன்றைய எக்செல் தாளில் 10,48,576 வரிசைகள் இருக்கும். பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பில் 65,536 மட்டுமே. 2020-இல் இங்கிலாந்தில் கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய வகைக் கோப்புகளில் ஏற்றியபோது, இடம் போதாமல் 15,841 தொற்றுகள் அன்றாடக் கணக்கிலிருந்து விடுபட்டன. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் பணியும் அதனால் தாமதமானது. மார்ச்1, செப்ட்1 போன்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிவிடும் தொல்லை தாங்காமல், அந்த மரபணுக்களின் பெயர்களையே அறிவியலாளர்கள் மாற்ற வேண்டியதாயிற்று. கோப்பு திறந்தது, எண் வந்தது, வேலை முடிந்தது என்று இருக்க முடியாது என்பதற்காக இவற்றைச் சொல்கிறேன்.

நிரலாக்கத்துக்குப் பைத்தான் மொழி போதும், ஆர் (R) மொழி தெரிந்தாலும் நல்லது, இரண்டையும் அரைகுறையாகக் கற்க வேண்டாம். பைத்தானில் டேபிள்களைக் கையாள உதவும் பாண்டாஸ் நூலகத்தை நன்றாகப் பழகுங்கள், நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) கருவியைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். மெஷின் லேர்னிங்கை இரண்டாம் ஆண்டிலேயே பிடித்துக்கொள்ளத் துடிக்கிறவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. புள்ளியியல் உறுதியாக இருந்தால் அது பின்னாலேயே வரும்.

இப்போது உங்கள் முக்கியமான சந்தேகம்: இதுவா, கம்ப்யூட்டர் சயின்ஸா? மென்பொருள் உருவாக்கம், டேட்டா இன்ஜினியரிங் பக்கமும் கதவு திறந்திருக்க வேண்டும் என்று நினைத்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்து, விருப்பப் பாடங்களில் புள்ளியியலையும் டேட்டாபேஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தரவுக் குழாய்களை, அதாவது தரவை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தானாகக் கொண்டுசெல்லும் அமைப்புகளைக் கட்டும் டேட்டா இன்ஜினியருக்கு இயங்குதளம், நெட்வொர்க், அல்காரிதம் எல்லாம் தேவைப்படும். டேட்டா அனலிட்டிக்ஸ் படிப்புகள் பலவற்றில் அவை மேலோட்டமாகத்தான் இருக்கும். கேள்வி கேட்பது, எண்ணை வைத்து மனிதர்களோடு பேசுவது, ஒரு தொழில் எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்வது இவற்றில் ஈர்ப்பு இருந்தால், நல்ல புள்ளியியல் ஆசிரியர்கள் இருக்கும் டேட்டா அனலிட்டிக்ஸ் துறை உங்களுக்குப் பொருந்தும். எந்தப் பக்கம் மனம் போகிறது என்று இன்னும் தெரியவில்லை என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்பேன். அங்கிருந்து இங்கே வருவது சுலபம், இங்கிருந்து அங்கே போகக் கூடுதலாக உழைக்க வேண்டும். வணிகவியல், பொருளாதாரம், உயிரியல் படித்துவிட்டு வருகிறவர்களும் எங்கள் வேலையில் நன்றாகச் செய்கிறார்கள், தரவு எதைப் பற்றியது என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால்.

புராஜெக்ட் விஷயத்தில் மட்டும் கறாராகச் சொல்கிறேன். எல்லாரும் பயிற்சிக்கு எடுக்கும் டைட்டானிக் பயணிகள், ஐரிஸ் பூக்கள் என்ற தரவுத் தொகுப்புகள் இரண்டையும் பழகுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், ரெஸ்யூமேயில் போடாதீர்கள். ஐரிஸ் தொகுப்பு புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1936-இல் பயன்படுத்தியது, 150 பூக்கள், மூன்று வகை, வகைக்கு ஐம்பது. அவ்வளவு ஒழுங்கான தரவு வேலையில் உங்களுக்குக் கிடைக்காது. ஒழுங்கில்லாத ஒன்றை எடுங்கள். உங்கள் கல்லூரி நூலகத்தில் எந்தப் புத்தகங்கள் எப்போது வெளியே போகின்றன என்ற பதிவை அனுமதி வாங்கி, பெயர்களை நீக்கி எடுக்கலாம். நீங்கள் தினமும் போகும் பேருந்து எப்போது வருகிறது என்று நீங்களே சில மாதம் குறித்து வைக்கலாம். எத்தனை வரிசைகளை நீக்கினீர்கள், ஏன் நீக்கினீர்கள், எந்த இடத்தில் உங்கள் முடிவு தவறாக இருக்க வாய்ப்பு உண்டு என்று ஒரு பக்கம் எழுதி அதோடு சேருங்கள். அந்த ஒரு பக்கத்தை வைத்து நான் நேர்காணல் முழுவதையும் நடத்துவேன், நீங்களும் உற்சாகமாகப் பேசுவீர்கள், ஏனென்றால் அது உங்கள் உழைப்பு.

ஏஐ வந்துவிட்டதே, இந்த வேலை இருக்குமா என்று அடுத்துக் கேட்பீர்கள். க்வெரி, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் எஸ்க்யூஎல் கேள்வி, எழுதித் தரும் ஏஐ கருவிகளை நாங்களும் தினமும் பயன்படுத்துகிறோம். மேலே சொன்ன ஆர்டர் உதாரணத்தில், ஒரு ஆர்டருக்குப் பல தவணை இருக்கலாம் என்று அந்தக் கருவிக்கு யாரும் சொல்லவில்லை என்றால் அதுவும் இரண்டாயிரம் என்றே கூட்டித் தரக்கூடும். எழுதும் வேலை குறைகிறது, சரிபார்க்கும் வேலை கூடுகிறது. வெறும் க்வெரி எழுதுவதை மட்டும் கற்றுக்கொண்டு வருகிறவருக்கு இது சிரமமான காலம்தான், மறைக்க விரும்பவில்லை.

முதல் வேலையின் பெயரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ரிப்போர்ட்டிங், எம்ஐஎஸ் (நிர்வாகத்துக்கான அறிக்கைகள்), டெஸ்டிங், சப்போர்ட் என்று எந்தப் பெயரில் கிடைத்தாலும், அங்கே டேட்டாபேஸைத் தொட உங்களுக்கு அனுமதி உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். உண்டு என்றால் சேருங்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் அங்கே இறுதியாண்டு படிக்கும் யாரையாவது பிடித்து இரண்டு கேள்வி கேளுங்கள். புராஜெக்டுக்கான தரவை நீங்கள் தேடி எடுத்தீர்களா, ஆசிரியர் சுத்தம் செய்து கொடுத்தாரா? நீங்கள் கொடுத்த முடிவை யாராவது எதிர்த்துக் கேள்வி கேட்டார்களா? தேடி எடுத்தோம், துளைத்து எடுத்தார்கள் என்று பதில் வந்தால் தைரியமாகச் சேரலாம். வகுப்பு தொடங்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் இலவசம், தனியாக சர்வர் எதுவும் வேண்டாம், சாதாரண மடிக்கணினியே போதும். இன்றே இறக்கி, மேலே சொன்ன ஆர்டர், தவணை டேபிள்கள் இரண்டையும் நீங்களே உருவாக்கி, அந்த இரண்டாயிரத்தை வரவழைத்துப் பாருங்கள். அப்புறம் அதை ஆயிரமாக்க எத்தனை வழி இருக்கிறது என்று தேடுங்கள்.