கூடத்துக் கல்லில் பழங்கடலின் காசுகள்

கேள்வி: கிருஷ்ணகிரியில் உறவினர் கட்டிய புது வீட்டின் கூடத்தில் எகிப்து நாட்டு வெளிர்மஞ்சள் கல்லைப் பதித்திருக்கிறார்கள். அதில் பருப்பு அளவில் வட்டங்களும் அரிசிமணி போன்ற வடிவங்களும் நிறையத் தெரிகின்றன. அவை கடலுயிர்களின் புதைபடிவங்கள் என்கிறான் என் மகன். உண்மையா? எங்கள் ஊர்க் குவாரிக் கற்களில் அவை ஏன் இல்லை?
— வாசகி, பர்கூர்

பதில்: உங்கள் வர்ணனைப்படி அவை நம்முலைட்டுகளாகவே இருக்க வேண்டும்; ஃபோராமினிஃபெரா என்னும் ஒருசெல் கடலுயிர்க் கூட்டத்தில் அவை ஒரு வகை. கல்லை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வட்டத்துக்குள் நெருக்கமான சுருளும், சுருள் நெடுகக் குறுக்குச் சுவர்கள் தடுத்த சிற்றறைகளும் தெரியும். அரிசிமணியாகத் தெரிவதும் அதே ஓடுதான். ரம்பம் அதைக் குறுக்காக அறுத்திருக்கிறது, அவ்வளவே. இலத்தீனில் இப்பெயருக்குச் 'சிறு காசு' என்று பொருள். கீசா பிரமிடுகளும் பெரும்பாலும் இத்தகைய சுண்ணாம்புக்கல்லால் ஆனவையே. கட்டியவர்கள் உண்டு மிஞ்சிய பருப்பு கல்லாகிவிட்டதாக அங்கே வழங்கிய கதையை, ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் ஸ்ட்ராபோ என்னும் கிரேக்கப் புவியியலாளர் பதிவுசெய்திருக்கிறார்.

இவ்வுயிர்களை நான் பெரிதும் மதிப்பதற்குக் காரணம், மறைந்துபோன கடல்களின் எல்லையை அவற்றைக் கொண்டு வரைய முடிகிறது என்பதே. இன்று வாழும் பெரிய ஃபோராமினிஃபெராக்கள் தம் ஓட்டுக்குள் பாசிகளுக்கு இடம் கொடுத்து, அவை தயாரிக்கும் உணவில் பங்கு பெறுகின்றன. பாசிக்கு வெயில் வேண்டும் என்பதால், தெளிந்த, வெதுவெதுப்பான, ஆழமற்ற கடல்தரையே அவற்றின் இருப்பிடம். நம்முலைட்டுகளும் அவ்வாறே வாழ்ந்தன என்பது ஆய்வாளர்களின் முடிவு. ஆகவே அவை குவிந்து கிடக்கும் கல், ஒருகாலத்தில் அங்கே அத்தகைய கடல் இருந்ததற்குச் சான்று. சுமார் 5.6 கோடி முதல் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட இயோசீன் காலத்தில் அவை எகிப்திலும், நம் கட்ச், மேகாலயப் பகுதிகளிலும் செழித்திருந்தன. டெத்திஸ் என்னும் கடலின் கரையோரங்களை இப்படித்தான் அடையாளம் காண்கிறோம். லடாக்கின் மலைப்பாறைகளிலும் நம்முலைட்டுகள் இருக்கின்றன. இந்தியா ஆசியாவை முட்டி அக்கடல் மூடத் தொடங்கியது சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று கணிப்பதற்கு, அங்குள்ள கடைசிக் கடற்படிவுகளின் வயதைக் காட்டும் இந்த ஓடுகள் பெரிதும் துணைபுரிகின்றன.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இதைவிட வியப்பான சான்று உண்டு. சுமார் 30 கோடி முதல் 25 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பெர்மியன் காலத்து ஃபியூசுலினிடுகள் என்னும் இன்னொரு வகை ஃபோராமினிஃபெராக்கள் அங்கே ஒரு பாறைத்தொகுதியில் இருக்கின்றன; கோதுமைமணி போன்ற அவை, அக்கம்பக்கத்துப் பாறைகளில் உள்ளவற்றோடு ஒவ்வாமல், ஆசியப் பக்கத்து டெத்திஸ் இனங்களோடு ஒத்துப்போகின்றன. ஆழ்கடலை நீந்திக் கடக்க வழியற்ற உயிரி அங்கே எப்படி வந்தது? கடல்தரையாக அமைந்து மெல்ல நகரும் புவித்தட்டின் மேல் அமர்ந்து அந்தப் பாறையே நெடுந்தொலைவு நகர்ந்து வந்து கண்டத்தோடு ஒட்டிக்கொண்டது என்பதே விளக்கம்.

பர்கூர், கிருஷ்ணகிரிக் கற்களுக்கு வருவோம். இவை பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருவான, பெரும்பாலும் 250 கோடி ஆண்டுப் பழமையுள்ள பாறைகள். ஓடுள்ள ஃபோராமினிஃபெராக்கள் தோன்றியதோ அதற்கு ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகள் கழித்து. எனவே இங்கே எத்தனை குவாரிகளில் தேடினாலும் கிடைக்கமாட்டா. எலுமிச்சைச் சாறு விட்டால் பொங்குவது சுண்ணாம்புக்கல்லைக் கண்டறியும் எளிய சோதனை (மெருகிட்ட தரையில் செய்துவிடாதீர்கள், தழும்பு விழும்). ஆனால் ஒகேனக்கல் பக்கம் அமிலத்துக்குப் பொங்கும் கார்பனடைட் என்னும் கல்லும் உண்டு. அது கடலில் படிந்ததன்று, பாறைக்குழம்பு உறைந்தது. அதிலும் ஓடுகள் இரா.

தமிழ்நாட்டிலேயே காட்டவேண்டுமானால் மகனை அரியலூருக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே சிமென்ட் ஆலைகளுக்காக வெட்டப்படும் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த கிரெட்டேசியக் காலத்தின் இறுதியில் கடல் விட்டுச்சென்றது. கிளிஞ்சல்கள் கண்ணுக்கே தெரியும். ஃபோராமினிஃபெராக்களைக் காணப் பூதக்கண்ணாடி வேண்டும். வாரணவாசியில் அரசின் புதைபடிவ அருங்காட்சியகமும் இருக்கிறது.