சிங்கப்பூரில் ஜெனெட் வளர்க்கலாமா? வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் சமாளிக்க முடியுமா?

வளர்க்க முடியாது. இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் கேள்விக்குக் கீழே 'பூனை மாதிரிதானே, சத்தம் போடாது' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்த்த பிறகு சும்மா போக மனசு வரவில்லை.

யாரோ ஒரு அமெரிக்கரின் தோளில் ஜெனெட் ஏறி விளையாடும் வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். உடம்பெல்லாம் புள்ளி, வளையம் வளையமாக நீண்ட வால். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது பூனையே கிடையாது. ஆப்பிரிக்காவிலும் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கமும் இரவில் தனியாக வேட்டையாடித் திரிகிற பிராணி. நம் ஊர் முசாங்கும், அதாவது மரநாயும், அதே விலங்குக் குடும்பம்தான்.

முசாங்கோடு ஒரே கூரையில் குடியிருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் வீவக வீட்டில் ரெனவேஷன் நடந்தபோது, சிக்லாப் பக்கம் ஒரு பழைய தரைவீட்டில் வாடகைக்கு இருந்த அக்கா வீட்டில் தங்கினோம். ராத்திரி விளக்கை அணைத்ததும் மேலே தடதடவென்று ஓட்டம் தொடங்கும். அத்தான் எலி என்றார். இவ்வளவு கனமான எலியா? மாடிப்படி பக்கம், கேக்கில் போடுவார்களே, அந்தப் பாண்டான் இலை வாசனை வேறு. பக்கத்து வீட்டில் கேக் செய்கிறார்கள் என்று அக்கா நினைத்துக்கொண்டிருந்தாள். முசாங்கின் வாசனைச் சுரப்பியிலிருந்து வருவது அது. அதுவரை சகித்துக்கொள்ளலாம். அப்புறம் சீலிங்கில் மஞ்சள் கறை பரவியது. சிறுநீர். அந்த வாசனைக்கும் பாண்டானுக்கும் சம்பந்தமே இல்லை.

மேலே குட்டி போட்டிருந்தது. பூச்சி ஒழிப்பு ஆள் ஒருவர் வந்து பார்த்தார், பார்த்ததற்கே காசு வாங்கினார், போய்விட்டார். வீட்டுக்காரர் பொறி வைக்கச் சொன்னார். அனுமதியில்லாமல் காட்டு விலங்கைப் பிடிப்பது சட்டப்படி குற்றம் என்று அத்தான் மறுத்துவிட்டார். குட்டிகள் வளர்ந்து எல்லாம் கிளம்பிய பிறகு ஓட்டு இடுக்கை அடைத்து, கூரைமேல் சாய்ந்திருந்த மாங்கிளையை வெட்டினோம். அவ்வளவுதான்.

வீட்டைக் காலி செய்யும்போது வீட்டுக்காரர் முன்பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார். காரணம், 'மசாலா வாசனை'! முசாங் நனைத்த சீலிங் பல்லிளித்துக்கொண்டிருக்க, அக்கா வைத்த மீன்குழம்புமேல் பழி. இந்த ஊரில் 'இந்தியர்களுக்கு இல்லை' என்று வாடகை விளம்பரம் போடுகிறவர்களையும் பார்த்தாகிவிட்டது. இதைத் தனிக் கேள்வியாக யாராவது கேளுங்கள், விரிவாக எழுதுகிறேன்.

சரி, ஜெனெட். முசாங் பெரும்பாலும் பழம் தின்னும். ஜெனெட்டுக்கு எலி, பறவை, பூச்சி வேண்டும். பயந்தால் கஸ்தூரி வாடையைப் பீய்ச்சும், கண்ட இடத்திலும் தேய்த்து வைக்கும். உயரமான இடமாகப் பார்த்துக் கழிக்கிற பழக்கமும் உண்டு. உங்கள் அலமாரி உச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். மனிதர் வளர்ப்பில் 20 வருடம்கூட இருக்கும். நாலறை வீட்டில், கீழ்வீட்டுக்காரர் தூங்கும் நேரத்தில், இதெல்லாம் நடக்க வேண்டும்.

சட்டத்துக்கு வருகிறேன். நாய், பூனை, முயல், ஹேம்ஸ்டர், கினிப்பன்றி, சின்சில்லா என்று இங்கே அனுமதிக்கப்பட்ட பட்டியல் சின்னது. முள்ளெலிக்கும் சுகர் கிளைடருக்குமே அதில் இடமில்லை. 'அமெரிக்காவில் வளர்க்கிறார்களே' என்று யாராவது கிளம்புவீர்கள், தெரியும். அங்கே மாநிலத்துக்கு ஒரு சட்டம். கலிஃபோர்னியாவில் இந்த விலங்குக் குடும்பத்தையே வளர்ப்புப் பிராணியாக வைத்திருக்கக் கூடாது. நான் விலங்கை வெறுக்கிறவன் என்றும் எழுதாதீர்கள். பொறி வேண்டாம் என்ற கட்சி நாங்கள்.

வீட்டில் ஒரு பிராணி வேண்டும் என்பதுதான் ஆசையென்றால் பூனையை எடுத்து வளருங்கள். 1989-லிருந்து வீவக வீடுகளில் இருந்த தடை 2024 செப்டம்பரில் நீங்கிவிட்டது, வீட்டுக்கு இரண்டு பூனை வரை வைத்துக்கொள்ளலாம். உரிமம் எடுங்கள், மைக்ரோசிப் போடுங்கள், ஜன்னலுக்கு வலை அடியுங்கள். காட்டு ஜீவனைத்தான் பார்க்க வேண்டுமென்றால் இருட்டிய பிறகு சிக்லாப் தெருக்களில் மெதுவாக நடந்து பாருங்கள், தலைக்கு மேலே ஓடும் கம்பிமேல் முசாங் போகும். தீனி மட்டும் போட்டுவிடாதீர்கள், அதற்கும் அபராதம் உண்டு.