காலை டீ குடித்ததே நினைவில் இல்லை என்றவருக்கு

தாம்பரத்தில் மின்சார ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில், போனைப் பார்த்துக்கொண்டே டீயை விழுங்குவதாகவும், குடித்ததே நினைவில் இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். எனக்கும் இதே கதைதான். டீயை நினைவோடு ருசித்துக் குடிக்கச் சீக்கிரம் எழ வேண்டாம், டீ போடும் நேரமே போதும்.

போன் படுக்கையறையிலேயே கிடக்கட்டும். இஞ்சியைத் தட்டி முதலில் தண்ணீரில் கொதிக்க விடுங்கள். (பச்சையாகப் பாலில் போட்டால் திரிந்துவிடலாம், நான் பட்டிருக்கிறேன்.) வாசனை மாறியதும் டீத்தூள், நிறம் இறங்கியதும் பால். பொங்கி விளிம்புக்கு வரும்போது தீயைக் குறைக்க வேண்டும். அந்த நேரத்தில் கண் வேறெங்கும் போகாது, போனால் அடுப்பைத் துடைக்க வேண்டியதுதான்!

அப்புறம் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி ஜன்னலோரம் நில்லுங்கள். சூட்டுக்கு விளிம்பைத்தான் பிடிக்க முடியும், அவசரமாகக் குடிக்கவும் முடியாது. முதல் மூன்று மடக்கை மட்டும் ருசித்துக் குடியுங்கள். மீதியைக் குடிக்கும்போது ரயிலைப் பற்றி யோசித்துக்கொள்ளலாம்.