காசும் கேஷும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கிலத்தின் ‘கேஷ்’ நம் ‘காசு’தானே? உடன் பணியாற்றும் மலையாள ஆசிரியர் அது மலையாளத்திலிருந்து போனது என்கிறார். ரைஸ் நம் ‘அரிசி’, எய்ட் நம் ‘எட்டு’ என்பவற்றையும் சேர்த்துப் பள்ளி மலரில் எழுதவிருக்கிறேன். எந்த நூலைச் சான்றாகக் காட்டலாம்?

சு., களியக்காவிளை

அன்புள்ள சு.,

ஆச்சி விட்டுச் சென்ற திருவிதாங்கூர் நாணயங்களைப் பற்றி எழுத எண்ணியிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. இல்லையென்றால் ‘எய்ட்’டைக் கண்டதுமே மூடிவைத்திருப்பேன்.

ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ நம் காசு அல்ல. அதன் வேர், பெட்டி என்று பொருள்படும் ‘கப்சா’ என்னும் லத்தீனச் சொல். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் அது பணப்பெட்டியைக் குறித்தது. பிறகுதான் பெட்டியின் பெயர் உள்ளிருந்த பணத்துக்கு ஆகிவந்தது. மார்த்தாண்டம் சந்தையில் ‘இன்றைக்குக் கல்லா எவ்வளவு’ என்று கேட்பவர் பெட்டியின் நீள அகலத்தையா கேட்கிறார்?

ஆனால் ஆங்கிலத்தில் இன்னொரு ‘கேஷ்’ உண்டு, அதுவே நம்முடையது. போர்த்துக்கீசியர் ‘காசு’ என்று கேட்டதைத் தங்கள் மொழியில் பெட்டியைக் குறிக்கும் ‘கைஷா’ என்ற சொல்லாலேயே எழுதிவைத்தார்கள். அவர்களிடமிருந்து அதைப் பெற்ற ஆங்கிலேயர், சென்னையின் செப்புக்காசுக்கும், நடுவில் சதுர ஓட்டை கொண்ட சீனக் காசுக்கும்கூட அந்தப் பெயரை இட்டார்கள். ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்து இந்த இரண்டையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று நீங்கள் சாதிப்பது சொல்லாராய்ச்சி ஆகாது. யார் வாயிலிருந்து யார் காதுக்கு, எந்தக் காலத்தில், என்ன பொருளோடு போனது என்று காட்ட வேண்டும். காட்ட முடியாதென்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சிக்கு 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய் என்ற கணக்கு, அதாவது ரூபாய்க்கு 448 காசு, விரல் நுனியில் இருந்தது. 1956இல் நம் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும், கடைக்கு அனுப்பும்போது ‘சக்கரத்தத் தொலைச்சிராத மக்களே’ என்றுதான் சொல்லுவாள். அவளுடைய நாணயங்களில் சங்கு முத்திரை இருக்கிறது, ஆங்கில எழுத்தில் ‘கேஷ்’ என்றும் பொறித்திருக்கிறது. உங்களுக்கு வேண்டிய சான்று அதுதான். நூலகத்தில் தேட வேண்டாம்.

மலையாள நண்பரோடு என்ன வழக்கு? இரு மொழிக்கும் பொதுவான சொல்லுக்கு எல்லைக்கல் நடாதீர்கள். ரைஸ் தீராத விவாதம், விடுங்கள். வகுப்பறையில் சொற்களைப் பற்றிப் பேச ஓர் ஆசிரியர் இருக்கிறார் என்பதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. ஆகவேதான் இவ்வளவு கடிந்துகொள்கிறேன். ‘எய்ட்’ சமஸ்கிருத அஷ்டத்துக்கும் லத்தீன ஆக்டோவுக்கும் உறவு, நம் எட்டுக்கு அல்ல. மலர் அச்சுக்குப் போகுமுன் அந்த வரியை அடித்துவிடுங்கள்.