ரதம் எப்படி நகர்கிறது? (வாசகர் கடிதம்)

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

என் மகன் நான்காம் படிவத்தில் இயற்பியல் படிக்கிறான். நியூட்டனின் மூன்றாம் விதியைப் படித்துவிட்டு, "தைப்பூசத்தின்போது காளைகள் வெள்ளி ரதத்தை இழுக்கின்றன, ரதமும் அதே அளவு விசையோடு காளைகளைப் பின்னால் இழுக்கிறது என்றால் இரண்டும் கழிந்து பூஜ்யமாகிவிடுமே, பிறகு ரதம் எப்படிப் பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய்ச் சேருகிறது?" என்று கேட்டான். விதியை மனப்பாடம் செய்தால் பரீட்சைக்குப் போதும் என்று டியூஷனில் சொல்லிவிட்டார்களாம். எனக்கும் பதில் தெரியவில்லை. விளக்குவீர்களா?

ஒரு வாசகி, பட்டர்வொர்த்

அன்புள்ள அம்மா,

உங்கள் மகனின் கேள்வி மிக நல்ல கேள்வி. மனப்பாடம் செய்யச் சொல்லி அதை அடக்கியது எனக்கு வருத்தமளிக்கிறது. 1687-இல் வெளிவந்த 'பிரின்சிப்பியா'வில் மூன்றாம் விதியை விளக்கும்போது நியூட்டனும், கயிற்றில் கட்டிய கல்லைக் குதிரை இழுத்தால் குதிரையும் அதே அளவு கல்லை நோக்கி இழுக்கப்படும் என்றுதான் எழுதுகிறார்.

இரண்டு விசைகள் ஒன்றையொன்று ஈடுகட்ட வேண்டுமானால் அவை ஒரே பொருளின் மீது செயல்பட வேண்டும். காளைகளின் இழுப்பு ரதத்தின் மீது செயல்படுகிறது. ரதத்தின் இழுப்போ காளைகளின் மீது. எனவே அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று கழிக்க இடமில்லை. ரதம் நகருமா என்று அறிய ரதத்தின் மீதுள்ள விசைகளை மட்டும் பார்க்க வேண்டும்: முன்னால் காளைகளின் இழுப்பு, பின்னால் சக்கரங்களிலும் அச்சிலும் எழும் தடை. இழுப்பு தடையை மிஞ்சினால் ரதம் வேகம் பிடிக்கும்.

பின்னால் இழுக்கப்படும் காளைகள் எப்படி முன்னேறுகின்றன என்று அவன் அடுத்துக் கேட்பான். விடை குளம்பின் அடியில் இருக்கிறது. குளம்பு சாலையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. சாலை குளம்பை முன்னோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலைத் தருவது உராய்வு. ரதம் வரும் வழியெல்லாம் பக்தர்கள் தேங்காய் உடைப்பதை அவன் பார்த்திருப்பான். தேங்காய் நீரில் ஊறி, ஓடுகள் சிதறிக் கிடக்கும் தார்ச்சாலையில் குளம்புக்குப் பிடிப்பு குறைகிறது. பிடிப்பு குறைந்தால் காளை எவ்வளவு பலசாலியானாலும் சாலையிடமிருந்து அதற்குக் கிடைக்கும் தள்ளல் குறைந்துவிடும். உராய்வு என்றாலே இயக்கத்தைத் தடுப்பது என்று பிள்ளைகள் எழுதிப் பழகியிருக்கிறார்கள். இங்கே காளையை நடக்க வைப்பதே உராய்வுதான்.

கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். ரதம் 2000 கிலோகிராம், காளைகள் இரண்டும் சேர்ந்து 1000 கிலோகிராம், ரதத்தின் மீதான தடை 1300 நியூட்டன், சாலை காளைகளுக்குத் தரும் தள்ளல் 1600 நியூட்டன், இழுப்பு 1500 நியூட்டன். ரதத்தின் மீது மிஞ்சும் விசை 200 நியூட்டன்; அதை 2000-ஆல் வகுத்தால் முடுக்கம் வினாடி வர்க்கத்திற்கு 0.1 மீட்டர். காளைகளின் மீது மிஞ்சுவது 100 நியூட்டன். 1000-ஆல் வகுத்தால் அதே 0.1. இரண்டும் சேர்ந்தே வேகம் பிடிக்கின்றன, மூன்றாம் விதியும் மீறப்படவில்லை. பிறகு ரதம் சீரான வேகத்துக்கு வந்ததும் இழுப்பு 1300 நியூட்டனாகக் குறைந்து தடைக்குச் சமமாகிவிடும். மிஞ்சும் விசை பூஜ்யமானாலும் ரதம் நிற்பதில்லை, அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். இது முதல் விதி.

"செயலும் எதிர்ச்செயலும் சமம்" என்று மட்டும் ஒப்பிக்கச் சொல்வதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது என்பது என் கருத்து. ஒவ்வொரு விசைக்கும் எது தருகிறது, எது வாங்குகிறது என்று இரண்டு பெயர்களையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். மேசை மேல் உள்ள புத்தகத்திலும் இதே தவறு நேர்கிறது: புத்தகத்தின் எடையும் மேசை அதை மேலே தாங்கும் விசையும் செயல்–எதிர்ச்செயல் இணை என்று பலர் எழுதுகிறார்கள். அவை இரண்டும் புத்தகத்தின் மீதே செயல்படுவதால் இணை ஆகா. எடை என்பது பூமி புத்தகத்தை இழுப்பது. அதன் இணை, புத்தகம் பூமியை மேல்நோக்கி இழுப்பது. மேசை தாங்கும் விசைக்கு இணை எது என்பதை உங்கள் மகனே எழுதிப் பார்க்கட்டும்.

அன்புடன்.