ஷேக்ஸ்பியர் காலத்து நாடகத்துல பெண்கள் ஏன் நடிக்கல? எப்போ மாறுச்சு?

தடைச் சட்டம்னு எதுவும் கிடையாது, வழக்கம்தான். லண்டன் நாடகக் கம்பெனிகள்ல ஸ்திரீபார்ட் முழுக்க பசங்கதான், ஜூலியட்டும் அப்படித்தான், ஆனா ஐரோப்பா முழுக்க இப்படின்னு நினைச்சுடாதீங்க, அதே காலத்துல இத்தாலில இசபெல்லா ஆண்ட்ரெயினி பெரிய ஸ்டாரா இருந்தாங்க. இங்கிலாந்துல 1642ல உள்நாட்டுப் போர் வந்ததும் பார்லிமென்ட் தியேட்டர்களையே மூடிடுச்சு. 18 வருஷம் கழிச்சு, வெளிநாட்டுல தஞ்சம் புகுந்திருந்து நாடு திரும்பின ரெண்டாம் சார்லஸ் ராஜாவுக்கு நாடகம்னா உயிரு, திரும்ப திறக்க விட்டாரு. 1660 டிசம்பர் 8ல ஷேக்ஸ்பியரோட 'ஒத்தெல்லோ' நாடகத்துல நாயகி டெஸ்டிமோனாவா ஒரு பெண்ணே மேடை ஏறினாங்க, மார்கரெட் ஹியூஸ்னு பலர் சொல்றாங்க, ஆனா அவ்ளோ பெரிய விஷயம் நடந்தும் பேர் உறுதியா பதிவாகல, அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். 1662ல நாடகம் போட ராஜா கொடுத்த உரிமைப் பத்திரத்துலயே பெண் வேஷத்த பெண்களே செய்யலாம்னு எழுதிட்டாங்க.