தசையில் உணர்வு தெரிந்தால்தான் பயிற்சி பலன் தருமா?

முதுகுக்கான பயிற்சிகளைச் செய்யும்போது முதுகில் எதுவுமே தெரிவதில்லை, அப்படியென்றால் உழைப்பு வீண்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக வீண் இல்லை. கும்பகோணத்தில் ஒரு சிறிய ஜிம்மில் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில், இந்தக் கவலையால் நல்ல பயிற்சிகளைக் கைவிடுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தசை வலுப்பெற முதன்மையான காரணம் அதன் இழைகள் தாங்கும் இழுவிசை. ஓய்வில்லாமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்றின் (செட்) கடைசித் தடவைகளில் (ரெப்), எவ்வளவு முயன்றாலும் எடை மெதுவாகத்தான் நகர்கிறது என்ற நிலை வரும்போது, அந்தத் தசையின் இழைகளில் பெரும்பாலானவை வேலைக்கு வந்துவிடுகின்றன. அதை நீங்கள் உணர்கிறீர்களா என்பது வேறு விஷயம். மறுநாள் வலியும் நம்பத்தக்க அளவுகோல் அன்று: குறுவை நடவின் முதல் நாளுக்குப் பிறகு பின்தொடையும் இடுப்பும் நிமிர முடியாமல் வலிக்கின்றன, சில நாட்களில் அதே வேலைக்கு வலியே இருப்பதில்லை, பழக்கம்தான் மாறியிருக்கிறது.

எங்களிடம் வரும் கல்லூரி மாணவர் ஒருவர், பார்பெல் ரோ (குனிந்து நின்று, எடை மாட்டிய நீளக் கம்பியை வயிற்றை நோக்கி இழுக்கும் முதுகுப் பயிற்சி) செய்யும்போது முன்கை மட்டுமே களைப்பதாகச் சொன்னார். அவருடைய தோள்பட்டை எலும்புக்குக் கீழே விரல்களை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு இழுப்பிலும் தசை கட்டையாக இறுகியது. அவருக்குத்தான் அது தெரியவில்லை. முழங்கையை இடுப்பை நோக்கிக் கொண்டுபோகச் சொன்னதோடு சரி. அவருடைய நோட்டில் 30 கிலோவாக இருந்த எடை, குனியும் கோணம் மாறாமலேயே 45 கிலோவாக உயர்ந்திருக்கிறது.

ஆயினும் கவனத்துக்குப் பயனே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தசை வளர்ச்சியை ஆராயும் பிராட் ஷோன்ஃபெல்டும் சகாக்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி அனுபவமில்லாத ஆண்களில் தசையை இறுக்குவதில் மனத்தை வைத்தவர்களுக்கு, 8 வாரங்களில் மேற்கையின் முன்தசை சுமார் 12 சதவீதம் தடித்தது. எடையைத் தூக்குவதில் மட்டும் மனத்தை வைத்தவர்களுக்குச் சுமார் 7 சதவீதம். தொடைத் தசையில் அப்படித் தெளிவான வேறுபாடு இல்லை. ஆகவே டம்பெல் கர்ல் (கையில் எடையைப் பிடித்து முழங்கையை மடக்குவது) போன்ற ஒற்றை மூட்டுப் பயிற்சிகளில் எடையைக் குறைத்துத் தசையைக் கவனியுங்கள். ஸ்குவாட் (எடையுடன் உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது) போன்றவற்றில் எடையை நகர்த்துவதையே நினையுங்கள்.

உணர்வு தவறான இடத்தில் வந்தால் மட்டும் அலட்சியம் வேண்டாம். ரோ செய்யும்போது கீழ்முதுகில் குத்தலோ தோள்மூட்டில் வலியோ இருந்தால், அன்றே எடையை இறக்கிவிட்டு, பக்கவாட்டிலிருந்து எடுத்த காணொளியை விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.